கடைசி வரவைக்குத் தண்ணீர் சேர்கிறதா?

தலைமைத்துவப் பயிற்சி என்ற சொல் அம்பாறைக் கரையோரத்தில் இன்று எவருக்கும் புதியதல்ல. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்களில், இத்தகைய பயிற்சி வந்து போகாத ஊர் இல்லை எனலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும் விட அதிகமாக, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை அம்பாறை மாவட்டம் இழந்தது. இழப்பின் பின்னே உதவி வந்தது. உதவியின் பின்னே நிறுவனங்கள் வந்தன. நிறுவனங்களோடு செயலமர்வுகளும் வந்தன.

இப்பயிற்சிகளின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மூன்று மாவட்டங்களிலிருந்து இளைஞர் யுவதிகளைத் தெரிந்தெடுப்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரும் இருப்பார்கள். மூன்று நாளோ ஐந்து நாளோ ஒரே இடத்தில் தங்கவைத்துப் பேசவும், கேட்கவும், திட்டமிடவும் பழக்குவார்கள். பின்னர் ஒவ்வொரு குழுவுக்கும் சிறு தொகையொன்றைக் கொடுத்து, ஊருக்குச் சென்று ஒரு சமூகச் செயற்றிட்டத்தை நிறைவேற்றி வரும்படி அனுப்புவார்கள். கடற்கரையைத் துப்புரவாக்குதல், பாலர் பாடசாலைக்கு வர்ணம் பூசுதல், மரம் நடுதல், இரத்ததானம், வாசிகசாலைக்கு நூல் சேர்த்தல் என்று அச்செயற்றிட்டங்கள் அமையும். படம் எடுக்கப்படும், அறிக்கை எழுதப்படும், சான்றிதழ் வழங்கப்படும்.

இவற்றைக் குறைசொல்வது என் நோக்கமன்று. வேறு வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே தட்டிலிருந்து உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுவது நமது மாவட்டத்தில் சிறிய காரியமல்ல. ஆனால் இவ்வேட்டின் வாசகர்களாகிய நீங்கள் வயலை இழந்தவர்கள். 1985இலும் 1990இலும் அயலூராருக்கு அஞ்சி ஓடியவர்கள் உங்களில் உள்ளனர். கடலுக்கு அஞ்சி ஓடியவர்களும், அபிவிருத்தி என்ற பெயரில் காணி எடுக்கப்பட்டவர்களும் உள்ளனர். ஆகவே உங்கள் பக்கம் நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியுள்ளது. இந்தச் சேவைகளில் எது உங்களிடம் வந்து சேர்ந்தது? இந்தத் தலைமைகளில் எது உங்களிடையே பிறந்தது?

சிரமதானத்தின் வேர்

பயிற்சியையும் சேவையையும் இணைப்பது வெளிநாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமையன்று. 1958ஆம் ஆண்டிலேயே, கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராகவிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தமது மாணவர்களைக் கனதொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். நகரத்துப் பிள்ளைகள் அங்கே கிராமத்து மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. 2024இல் அவர் மறையும்போது அவ்வியக்கம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிராமங்களைத் தொட்டிருந்தது. அண்மைக்காலத்தில் பிரித்தானிய கவுன்சில் 2009இல் பல நாடுகளில் ஆரம்பித்த 'அக்டிவ் சிட்டிசன்ஸ்' நிகழ்ச்சித்திட்டம் இலங்கையிலும் நடைபெற்றது. அதிலும் பயிற்சியின் முடிவில் ஒரு சமூகச் செயற்றிட்டம் உண்டு.

அதற்கும் முன்னரே நமது வட்டைகளில் இந்த ஒழுங்கு இருந்தது. பெரும்போகம் தொடங்குமுன் வாய்க்கால் வெட்டுவதும், அணை கட்டுவதும், காவலுக்கு ஆள் வைப்பதும் காணிக்காரர் எல்லாரும் பங்கிட்டுச் செய்த வேலைகள். இவ்வழக்குகளுக்கு 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் உயிர் கொடுத்தது. வட்டவிதானையின் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. ஆயினும் வட்டவிதானை என்ற பெயர் இன்றும் நம் வயல்களில் வாழ்கின்றது. பெயர் வாழ்வதற்குக் காரணம் தேவை வாழ்வதுதான். தண்ணீரை யார் முதலில் எடுப்பது, யார் பின்னர் எடுப்பது என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்கவும் வேண்டும். தலைமைத்துவம் என்பது நமது மண்ணில் அடிப்படையில் இதுதான்.

பட்டிப்பளை ஆற்றில் நடந்தது

சேவையின் மூலம் தலைமையை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது மாவட்டத்திலேயே, நமது வயல்களுக்கு வரும் தண்ணீரிலேயே அந்த விடை இருக்கின்றது. தேசங்கடந்து ஆய்வாளர்கள் படித்த ஒரு கதை அது. நமது இளைஞர்கள் பலருக்கு அது தெரியாதிருப்பதுதான் வருத்தம்.

கல்லோயா என்று சிங்களத்தில் அழைக்கப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரம் கட்டும் திட்டம் 1949இல் ஆரம்பமாயிற்று. அத்திட்டத்தின் குடியேற்றங்கள் இம்மாவட்டத்தின் வரலாற்றையே மாற்றின. அம்பாறை 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதன் தொடர்ச்சியே. அவற்றால் விளைந்த மனக்கசப்பை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. அதை அனுபவித்தவர்கள் நீங்கள். இங்கே சொல்ல வேண்டியது வாய்க்காலைப் பற்றியது.

இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள் இருந்தனர். கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள் இருந்தனர். வாய்க்கால் கட்டி முப்பது ஆண்டுகள் செல்லுமுன்பே கரைகள் இடிந்தன, மதகுகள் உடைந்தன, மண் நிரம்பியது. மேலே இருப்பவர் தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்தார். கீழே இருப்பவருக்குச் சிறுபோகத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. இரவில் மடையை உடைப்பதும், பகலில் சண்டையிடுவதும் வழக்கமாயின. விவசாயிகள் நீர்ப்பாசன அதிகாரிகளை நம்பவில்லை. அதிகாரிகள் விவசாயிகளை நம்பவில்லை. நாட்டிலேயே ஆகவும் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

அமெரிக்க உதவியோடு அதைப் புனரமைக்கும் வேலை தொடங்கியபோது, கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. சீமெந்தும் கல்லும் மட்டும் போதா, மனிதரின் ஒழுங்கும் வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். வேலையற்றிருந்த பட்டதாரி இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாகத் தெரிந்தெடுத்து, சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, 1981இல் இடதுகரை வயல்களுக்கு அனுப்பினார்கள். ஊரிலேயே தங்கி, வீடு வீடாகச் சென்று, கேட்பதே அவர்களின் முதல் வேலை.

இன்றைய பயிற்சிகள் படிக்க வேண்டிய பாடம் இங்கேதான் தொடங்குகின்றது. அமைப்பாளர்கள் முதலில் சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடக்கவில்லை. பதாகை கட்டவில்லை. ஒரே வயல் வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து விவசாயிகளைச் சந்தித்து, உங்களால் நீங்களே இப்போது செய்யக்கூடியது என்ன என்று கேட்டனர். அவர்களின் மறுமொழி எளியது. வாய்க்காலைத் துப்புரவாக்கலாம், தண்ணீரை முறைவைத்து எடுக்கலாம் என்றார்கள். அந்த ஆண்டு சமுத்திரத்தில் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் பெரும்பாலான வயல் வாய்க்கால்களில் சிரமதானம் நடந்தது. ஆண்டுக்கணக்காக மண்வெட்டி படாத வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மிச்சப்பட்ட தண்ணீரைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்கள். மேற்பகுதிச் சிங்கள விவசாயி விட்ட தண்ணீர் கடைக்கோடித் தமிழ் விவசாயியின் வயலுக்கு வந்தது.

வேலை நடந்த பிறகே அமைப்பு வந்தது. வேலையின்போது யாருடைய சொல் எடுபட்டது, யார் முதலில் மண்வெட்டியோடு வந்தார், யார் தன் வயலுக்கு முன்னர் அயலவன் வயலைப் பார்த்தார் என்பதை எல்லாரும் கண்டிருந்தனர். ஆகவே வாக்கெடுப்பின்றி, எல்லாருடைய சம்மதத்தோடும், ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் ஒரு பிரதிநிதி தெரிவானார். அவருக்குச் சம்பளம் கிடையாது. கட்சி அரசியலும் அதற்குள் வரவில்லை. அப்பிரதிநிதிகள் சேர்ந்து கிளை வாய்க்கால் அமைப்புக்களாயினர். அவை சேர்ந்து பிரதேச சபைகளாயின. அவர்கள் பின்னர் பொறியியலாளரோடும் அரச அதிபரோடும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர்.

அமைப்பாளர்களாக வந்த பட்டதாரிகளுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. ஆசிரியர் நியமனமோ வேறு வேலையோ கிடைத்ததும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். திட்டத்தின் பணமும் எண்பதுகளின் நடுவில் முடிந்தது. ஆனால் விவசாயிகளின் அமைப்புக்கள் நின்றன. 1988இல் விவசாயிகளின் பங்குபற்றுதலுடனான நீர்ப்பாசன முகாமைத்துவத்தை அரசாங்கம் தேசியக் கொள்கையாக ஏற்றது. அதற்கு இங்கே பெற்ற அனுபவம் ஒரு முக்கிய காரணம். 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், சமுத்திரத்திலுள்ள தண்ணீர் இடதுகரை முழுவதற்கும் நெல் விதைக்கப் போதாது என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். விவசாயிகள் கூடிப் பேசி, இருப்பதைப் பங்கிடுவோம் என்று தீர்மானித்து, சுமார் 65,000 ஏக்கரிலும் விதைத்தனர். விளைச்சல் வழமையை விடக் குறையவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. மேலேயுள்ள சிங்களவரும் கீழேயுள்ள தமிழ் பேசுவோரும் தண்ணீரைச் சமமாகப் பங்கிட்ட ஆண்டும் அதுதான்.

இதை அற்புதம் என்று சொல்லவேண்டாம். எல்லா வாய்க்கால்களிலும் எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்லவேண்டாம். ஆனால் ஒரு பயிற்சித்திட்டம் விட்டுச்சென்ற தலைமை, பயிற்றியவர்கள் போய்ப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் வேலை செய்தது. அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். செய்யப்பட்ட சேவை மக்களுடைய சொந்த வேலை. அதன் பலன் கடைசி வரவை வரை போனது. தலைவர்கள் அந்த வேலையிலிருந்தே எழுந்தார்கள்.

வாய்க்காலே இல்லாதவர்கள்

இவ்விடத்தில் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்கலாம். கல்லோயா விவசாயிக்கு வயல் இருந்தது. எங்களுக்கு வயலே இல்லையே, எந்த வாய்க்காலை வெட்டுவது என்று. நியாயமான கேள்வி.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சிரமதானம் என்ற சொல்லே வேறு பொருள் தருகிறது. காணிக்காரர் தன் வாய்க்காலை வெட்டினால் அவர் வயல் விளையும். அன்றாடக் கூலிக்குப் போகும் இடம்பெயர்ந்த விவசாயி ஒரு நாள் சிரமதானத்துக்கு வந்தால், அன்றைய கூலி போகும். அவர் வெட்டும் வாய்க்கால் இன்னொருவர் வயலுக்கு நீர் பாய்ச்சும். ஆகவே இலவச உழைப்பைக் கேட்கும் முன்னர், அதன் பலன் யாருக்கு என்று கேட்பது கஞ்சத்தனமல்ல. அது நீதி.

அப்படியானால் உங்களுடைய வாய்க்கால் எது? என் அபிப்பிராயத்தில் அது பத்திரமும் பதிவேடும்தான். நிலத்துக்குத் திரும்பும் வழி அவற்றினூடாகவே செல்கின்றது. அங்கேதான் மண் நிரம்பிக் கிடக்கின்றது.

ஓர் உதாரணத்தை மட்டும் சொல்கிறேன். ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டுவந்தால் அவருக்கே உரித்துச் சேரலாம் என்பது நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம். யுத்தத்தால் துரத்தப்பட்டவர்கள் காணியை ஆள முடியாதிருந்தது அவர்களின் குற்றமல்ல என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு விசேட ஏற்பாட்டைச் செய்தது. 1983 மே 1ஆம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடையில் ஆயுதக்குழுக்களின் செயல்களால் தம் காணியுரிமையைக் கோரமுடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று அது கூறியது. ஆனால் அச்சலுகையைப் பெற இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்றும் கூறியது. அந்த இரண்டு ஆண்டுகள் 2018இல் முடிந்தன. அக்காலத்தில் இம்மாவட்டத்தில் இளைஞர் பயிற்சிகளுக்குக் குறைவிருக்கவில்லை. இந்தச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுசெல்வதைச் சமூகச் செயற்றிட்டமாக எடுத்த குழுக்கள் எத்தனை? உங்கள் வாசலுக்கு இச்செய்தி உரிய காலத்தில் வந்ததா? இக்கேள்விக்கான விடையை உங்கள் ஒவ்வொருவரிடமும் விட்டுவிடுகிறேன்.

காலம் கடந்தது ஒன்று. இன்னும் கடக்காதவை பல உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாயக் காணிகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டும் என்கிறது. கமநல சேவை நிலையத்திலுள்ள அப்பதிவேட்டில் உங்கள் காணி யாருடைய பெயரில் இருக்கிறது? குத்தகைக்குச் செய்தவரானால் உங்கள் பெயர் எங்காவது எழுதப்பட்டுள்ளதா? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்தைக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளி குறிக்கப்பட்டுள்ளாரா? ஓடும்போது தொலைந்த பத்திரத்தின் பிரதி காணிப் பதிவகத்தில் தேடப்பட்டதா? படித்த பத்து இளைஞர் யுவதிகள் ஒரு மாதம் வீடு வீடாகச் சென்று, பெயர், வட்டை, எல்லை, ஏக்கர், கையிலுள்ள பத்திரம், தொலைந்த பத்திரம் என்று ஒரு கொப்பியில் எழுதினால், அது எந்த வர்ணம் பூசிய சுவரையும் விட அதிகம் பேசும்.

பெண்களின் உரிமை இதில் தனியாகக் கவனிக்கப்பட வேண்டும். நமது கரையோரத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுப்பதே வழக்கம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரித்து ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் காணாமற் போயிற்று. நமது ஊரின் வழக்கத்தை அறிந்த ஒரு யுவதி அந்த மேசையில் இருந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டியிருப்பார். கூட்டத்தை எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்தால் விதவைத் தாயும் மருமகளும் வரமுடியும் என்பதையும் அவரே அறிவார். பெண்கள் பேசமுடியாத இடத்தில் நடக்கும் பயிற்சி பாதி ஊருக்குத்தான் பயிற்சி.

இடம்பெயர்ந்தோர் தாமே தலைமை ஏற்கமுடியுமா என்று ஐயுறுவோர் பாணமையைப் பார்க்கட்டும். 2010ஆம் ஆண்டு யூலையில் பாணமைக் கரையோரத்தில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து விவசாய, மீனவக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. அவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மனுக்கொடுத்து, வழக்குப் பேசி, வீதியில் நின்று, ஐந்தாண்டு விடாது நடந்தனர். 2015 பெப்ரவரியில் அக்காணியில் பெரும்பகுதியை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தபடியால், 2016 மார்ச்சில் அவர்கள் தாமாகவே ராகம்வெலவுக்குள் சென்று குடிசை போட்டனர். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் யாருமில்லை. பொறுமையும், கணக்கும், ஒற்றுமையுமே அவர்களின் பயிற்சிநெறி.

சில மறுப்புக்கள்

சிறு சேவையென்று ஏளனம் செய்யலாமா என்று சிலர் கேட்பர். நான் ஏளனம் செய்யவில்லை. கடற்கரை துப்புரவாக இருப்பது நல்லது. முதன்முதல் ஊர்முன் நின்று பேசும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எளிய வேலையே ஏற்றது. ஆனால் எளிய வேலை முதற்படியாக இருக்கவேண்டும். அதுவே மாடியென்று எண்ணக்கூடாது. கல்லோயாவிலும் தொடக்கம் வாய்க்கால் துப்புரவுதான். வேறுபாடு என்னவென்றால், அந்தத் துப்புரவு தண்ணீர்ப் பங்கீட்டுக்கு இட்டுச்சென்றது. பங்கீடு நீதியைப் பற்றிய பேச்சுக்கு இட்டுச்சென்றது. நமது கடற்கரைத் துப்புரவு எதற்கு இட்டுச்செல்கின்றது? அடுத்த நிறுவனத்தின் அடுத்த துப்புரவுக்கா?

காணி, பத்திரம் என்று பேசினால் இனங்களுக்கிடையில் பகை வளரும் என்பது இன்னொரு மறுப்பு. அதனால்தான் பயிற்சி நடத்துவோர் மரம் நடுவதையும் வர்ணம் பூசுவதையும் விரும்புகின்றனர். அவற்றில் எவருக்கும் சண்டையில்லை. ஆனால் பேசாமல் விட்ட காணிப் பிரச்சினை ஆறிப்போவதில்லை. அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்காகச் சவூதி அரேபிய உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகளை நினைத்துப்பாருங்கள். எந்த இனத்துக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி அவை ஆண்டுக்கணக்காகப் பூட்டிக்கிடந்தன. கூரையில்லாதவர் ஒருபுறம், ஆளில்லாத கூரை மறுபுறம். கட்டுமுன்னரே எல்லாச் சமூகத்தாரும் கூடி, யாருக்கு எதன் அடிப்படையில் என்று பேசி முடிவு செய்திருந்தால் அந்நிலை வந்திராது. கடினமான விடயத்தை நிதானமாகப் பேசப் பழகுவதற்குத்தானே தலைமைத்துவப் பயிற்சி? இடதுகரை விவசாயிகள் பேசியதும் கடினமான விடயமே. தண்ணீருக்காக மண்வெட்டியால் வெட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

மூன்றாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. நிதி தருவோர் ஆறு மாதத்தில் முடிவு கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று அமைப்பாளர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் ஆறு மாதத்தில் முடிக்கக்கூடியது எது, தொடங்க மட்டும் கூடியது எது என்று மக்களிடம் முதல்நாளே சொல்லிவிடலாம். தொடங்கியதை யார் கையில் கொடுத்துச் செல்வது என்று முதல்நாளே தீர்மானிக்கலாம். விவசாயி ஆறு மாதத்தில் நெல்லை அறுப்பான். தென்னையை அறுக்கமாட்டான்.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள்

இனி ஒரு பயிற்சிக் குழு உங்கள் குடியிருப்புக்கு வந்து, சேவை செய்யப்போகிறோம் என்று சொன்னால், தேநீர் கொடுத்து அமரச்செய்து, நான்கு கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள்.

முதலாவது, இந்த வேலையைத் தெரிவு செய்தவர் யார்? பயிற்சி மண்டபத்தில் தீர்மானித்ததா, இங்கே எங்களிடம் கேட்டுத் தீர்மானித்ததா?

இரண்டாவது, இதன் பலன் எங்களில் ஆகவும் கடைசியில் இருப்பவருக்கு எப்படிச் சேரும்? பத்திரமே இல்லாத குடும்பம், ஆண் துணையில்லாத வீடு, பேசத் தெரியாத முதியவர் ஆகியோரே நமது கடைசி வரவை. அங்கே சேராத தண்ணீர் மேலேயே தேங்கி நாறும்.

மூன்றாவது, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பயிற்சியில் இருக்கிறார்கள்? ஆங்கிலம் தெரிந்தவர்களையும், நகரத்துப் பாடசாலையில் படித்தவர்களையும் மட்டும் எடுத்து அவர்களை எங்களுக்குச் சேவை செய்ய அனுப்பினால், அவர்கள் தலைவர்களாவார்கள், நாங்கள் பயனாளிகளாகவே இருப்போம். நிவாரண அட்டை பெற்றுப் பழகிய நமக்கு இந்தப் பயனாளிப் பட்டம் புதிதல்ல. அதைக் கழற்றுவதற்கு உதவும் பயிற்சியே நமக்கு வேண்டும்.

நான்காவது, நீங்கள் போன பின் இதன் கணக்கும் கொப்பியும் யாரிடம் இருக்கும்? சேர்த்த விபரங்களை நிறுவனம் எடுத்துச்சென்றுவிட்டால், அடுத்து வருபவர் மீண்டும் அதே கேள்விகளைக் கேட்பார். உங்கள் காணி விபரம் உங்கள் கையில் இருக்கவேண்டும். ஒரு பிரதி பள்ளிவாசலிலோ, கோயிலிலோ, மாதர் சங்கத்திலோ இருக்கட்டும்.

இக்கேள்விகளுக்கு நேராக விடை சொல்லும் குழுவோடு மனமுவந்து சேருங்கள். விடை தெரியாத குழுவை விரட்டவேண்டாம். விடையைக் கூடித் தேடுவோம் என்று சொல்லுங்கள். அந்தத் தேடலே அவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

பயிற்சி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டம் நடக்கும்போது உங்கள் இளைஞர் யுவதிகளை அங்கே அனுப்புங்கள். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதியில் அடைப்பது, மாடுகளை எப்போது அகற்றுவது என்று நூற்றுக்கணக்கானோர் வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வருவதை அவர்கள் பார்க்கட்டும். பின்னர் அந்தக் கூட்டத்தில் இல்லாதவர்கள் யார், வட்டையில் காணியிருந்தும் அங்கே வரமுடியாதவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று தேடிச் செல்லட்டும். அவர்களின் பெயர்களை எழுதி, அவர்களில் ஒருவரையாவது அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வரட்டும். அதுவே ஒரு முழுமையான சமூகச் செயற்றிட்டம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும், ஒரு துவிச்சக்கர வண்டியும், கேட்கும் காதும் போதும்.

நீங்களும் அதற்குக் காத்திருக்கவேண்டாம். உங்கள் குடியிருப்பில் பத்துக் குடும்பங்கள் ஒரு மாலை வேளையில் கூடி, ஒவ்வொருவரும் விட்டுவந்த வட்டையின் பெயரையும் கையிலுள்ள பத்திரத்தையும் சொல்லி எழுதத் தொடங்குங்கள். வேலை நடக்கட்டும். உங்களில் தலைவர் யார் என்பது அந்த வேலையிலே தெரியவரும்.